கில்மோரன் பந்தயத்தில் உன் குதிரை ஏன் ஓடக்கூடாது

கிளேர் மாவட்டம்,
புதன்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம்.

கெர்ரி மாவட்டத்தில் வசிப்பவரும், காலஞ்சென்ற என் மனைவி பிரிஜிட்டின் உடன்பிறந்த அண்ணனும், என் மரியாதைக்குரிய மச்சானுமாகிய கார்மக் ஹாலிசி அவர்களுக்கு, டின்னி ஷீடி தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு எழுதும் கடிதம். இங்கு நான், மகள் ஓர்லா, பதினொரு குதிரைகள், ஒரு கழுதை யாவரும் நலம். தாங்களும், தங்கள் முழங்காலும், போன புயலில் பறந்த தங்கள் கொட்டகைக் கூரையும் நலமுடன் இருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன்.

இதுக்கு மேல எனக்கு இந்த மாதிரி எழுத வராது மச்சான். அஞ்சாங்கிளாஸ் வாத்தியார் சொல்லிக் குடுத்தது இவ்வளவுதான், அதுக்கப்புறம் உருளைக்கிழங்கு தோண்டப் போயிட்டேன். போன்ல பேசலாம்னா என் குரல் கேட்டதும் டொக்குனு வச்சிடுற. இந்த மாசம் மட்டும் மூணு தடவை. கடுதாசியை அப்படி வைக்க முடியாது பாரு. பாதில மடிச்சு வச்சாலும் மீதில அவன் என்ன எழுதிருக்கானோன்னு உனக்குக் கஞ்சி இறங்காது.

விஷயம் இதுதான். பிரிஜிட்டோட வருஷப் பூசை அன்னிக்கு எங்க சமையல்கட்டுல நின்னு பன்றிக்கறி வெட்டிக்கிட்டே நீ ஒரு கேள்வி கேட்ட, ஞாபகம் இருக்கா? கில்மோரன்ல ஏப்ரல் மாசம் நடக்குற நெடுந்தூர வேலி தாண்டுற பந்தயத்துல இந்த வருஷம் யாரு நிப்பான்னு கேட்ட. என் வாய் நிறையக் கறி இருந்துச்சு, பதில் சொல்லல. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாம விடுறது எங்க குடும்பத்துல வழக்கம் கிடையாது, கொஞ்சம் தாமதமானாலும் சொல்லிடுவோம். அதனால இந்தச் சனிக்கிழமை ஓடப்போற குதிரைங்களைப் பத்தி, யார் பக்கமும் சாயாம, சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ற மாதிரி உள்ளதை உள்ளபடி எழுதுறேன். பொறுமையாப் படி. மூக்குக்கண்ணாடி போட்டுக்கோ.

மூணரை மைலுக்கு மேல ஒரு பர்லாங், இருபத்திரண்டு வேலி, கடைசில அந்தப் பாழாப்போன மேடு. அதுல முதல் ஆளு 'பிஷப்பின் மோதிரம்'. பதினோரு ஸ்டோன் பன்னெண்டு பவுண்டு எடை சுமக்குறான். ரெண்டு வருஷமா ஜெயிச்சுக்கிட்டே திரிஞ்சா எடை போடுற ஆபீசர் சும்மா விடுவாரா, முதுகுல ஈயத்தை ஏத்திக்கிட்டேதான் இருப்பார். குதிரைக்காரன் ஃபின்பார் லெனிஹன், கான்கிரீட் கல்லு அறுத்து விக்கிறவன். அவன் மூளையும் அவன் சரக்கு மாதிரிதான், ஊத்தின இடத்துல இறுகிடும். நான் போன வியாழக்கிழமை ஒரு மரியாதைக்கு அவன் வீட்டுப் பக்கம் போனேன். போனவன் சும்மா, பேச்சுவாக்குல, கில்மோரன்ல பத்து நாளா ஒரு சொட்டு மழை இல்ல, தரை கல்லாட்டம் கிடக்கு, உன் குதிரைக்கோ முன்னங்கால் நரம்பு கண்ணாடி மாதிரி, பாத்துக்கோப்பான்னு சொன்னேன். அவன் தாடையைத் தடவிக்கிட்டே, அப்படியா டின்னின்னான். அந்த அப்படியாவைக் கேட்டதும் எனக்கு மனசு குளுந்துச்சு.

ரெண்டாவது 'கருப்பு டீ'. அது டாம் மெர்னாக் மதுக்கடையில குந்தியிருக்குற பதினாலு பேரோட குதிரை. பதினாலு முதலாளி, நாலு கால், ஒருத்தனுக்கு ஒரு கால்கூட முழுசா வராது. துப்பாக்கி வெடிச்ச மாதிரி முன்னால கிளம்பிடுவான், அதுல குறை சொல்ல முடியாது. ஆனா ஒவ்வொரு வேலிலயும் வலது பக்கமாச் சாஞ்சு தாண்டுவான், கில்மோரனோ இடது பக்கம் வளையுற மைதானம். இருபத்திரண்டு வேலி முடியும்போது மத்தவனுங்களைவிட கால் மைல் கூடுதலா ஓடிருப்பான். அதே வியாழக்கிழமை சாயங்காலம் மெர்னாக் கடைக்கும் ஒரு மரியாதைக்குப் போனேன். அங்க போய், கில்மோரன்ல மழை ஊத்து ஊத்துன்னு ஊத்துது, மூணாவது வேலிகிட்ட ஒரு பசு சேத்துல மாட்டி கயிறு போட்டு இழுத்தாங்க, உங்க குதிரை வேகக்காரன், அதுல இறங்கினா புதைஞ்சிடுவான்னு சொன்னேன். பசுவுக்கு என்ன ஆச்சுன்னு ஒருத்தன் கேட்டான். பிழைச்சுக்கிச்சுன்னேன். நல்ல மனசு எனக்கு.

நான் யோசிக்காம விட்டது ஒண்ணே ஒண்ணுதான் மச்சான். இந்த ரெண்டு பேரும் ஒரே கோயில்லதான் ஞாயித்துக்கிழமை பூசை பாக்குறாங்க. பூசை முடிஞ்சு வாசல்ல நின்னு லெனிஹன், தரை கல்லாட்டம் கிடக்காமேங்குறான். மெர்னாக், கல்லா, சேறுன்னுல்ல எங்ககிட்டச் சொன்னாங்க, பசுவையே தோண்டி எடுத்தாங்களாமேங்குறான். யாரு சொன்னா, யாரு சொன்னான்னு ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கேட்டுக்கிட்டு, ஒரே நேரத்துல என் பக்கம் திரும்பினாங்க. நான் தீர்த்தத் தொட்டிக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு இருந்தேன். ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே என் ரெண்டு கையையும் பிடிச்சு லெனிஹன் காருல உக்கார வச்சு, நேரா கில்மோரனுக்குக் கூட்டிட்டுப் போய், கைத்தடியால குத்திக் குத்தி மைதானம் முழுக்க நடக்க வச்சாங்க. இருபத்திரண்டு வேலிக்கும். எனக்கு ஞாயித்துக்கிழமை செருப்பு வேற. தடி எங்க குத்தினாலும் ரெண்டு அங்குலம் இறங்குச்சு, கல்லும் இல்ல, சேறும் இல்ல, கேக்கு மாதிரி இருக்கு தரை. கடைசில லெனிஹன் என் தோளைத் தட்டி என்ன சொன்னான் தெரியுமா?

"ரொம்ப நன்றி டின்னி. நான் அடுத்த வாரம் வேற பந்தயத்துக்குத்தான் அனுப்பலாம்னு இருந்தேன். நீ வந்து சொன்னதாலதான் இங்க வந்து பாக்கணும்னு தோணுச்சு."

அதாவது தானா வெளிய போயிருப்பான். நான் போய் உள்ள இழுத்துட்டு வந்திருக்கேன்.

ஏன்டா இந்தக் கிழவன் வீடு வீடாப் போய் ஊரான் குதிரை காலைப் பத்திக் கவலைப்படுறான்னு நீ இந்நேரம் கேட்டிருப்ப. பேப்பர்ல வந்த பட்டியலை நீயும் பாத்திருப்ப, பாத்துட்டுச் சிரிச்சும் இருப்ப. சரி, சொல்லித்தான் ஆகணும்.

எங்க பொட்டைக் குதிரை 'நாளைக்குப் பாப்போம்' இருக்காளே, அவ பாட்டியோட ஆத்தா உங்க லாயத்துலேர்ந்து பிரிஜிட் பின்னாலயே கல்யாணச் சீரா வந்தவ, அதனால அவ குணம் உனக்குத் தெரியும். ரெண்டு மைல் வரைக்கும் தூங்குவா. மூணு மைல்ல ஒரு கண்ணைத் திறப்பா. அதுக்கு மேல மத்தவனெல்லாம் நாக்குத் தள்ளும்போது, சேறும் மேடுமா இருந்தாதான், இவ அப்பத்தான் காலங்காத்தால எந்திரிச்ச மாதிரி ஓட ஆரம்பிப்பா. இப்படிப்பட்டவளை நீளப் பந்தயத்துல விட்டா ஆபீசர் கண்ணுல பட்டுடும், எடையை ஏத்திடுவார். அதனால நான் அவளைப் பழக்குற ஓர்லாகிட்ட ஒரு யோசனை சொன்னேன். இந்தக் குளிர்காலம் முழுக்க ரெண்டு மைல் பந்தயமா, தரை காஞ்ச இடமாப் பாத்து விடும்மா, பாவம் ஓட முடியாம கடைசில வரட்டும், ஆபீசர் பரிதாபப்பட்டு எடையைக் குறைச்சுக்கிட்டே வருவார், ஏப்ரல்ல கில்மோரன்ல இறக்கு, முதுகுல ஒண்ணுமே இல்லாம பறப்பான்னேன். அவ வேண்டாம்னா. கிறிஸ்துமஸ் சமயத்துல ஒரு நல்ல நீளப் பந்தயம் வருது, நேரா அதுல ஓட்டிப் பாத்துடலாம்ப்பான்னா. நான்தான், எழுபத்தாறு வயசுக்காரன் சொல்றேன், பொறுமை வேணும்னு அடக்கி வச்சேன்.

யோசனை என்னவோ பிரமாதமா வேலை செஞ்சுது. ஒன்பதாவது வந்தா. பதினொண்ணாவது வந்தா. ஏழாவது வந்த அன்னிக்கு எனக்கே பயமாயிடுச்சு, ரொம்ப வேகமா ஓடிட்டாளோன்னு. கடைசிப் பந்தயத்துல அவ வந்து சேரும்போது ஜனங்க டீ குடிக்கக் கிளம்பிட்டாங்க. ஒவ்வொரு தடவையும் ஆபீசர் குறைச்ச பவுண்டை லாயக் கதவுல சாக்பீஸால எழுதி எழுதி வச்சு, போற வர்றவனுக்கெல்லாம் காட்டிக்கிட்டு இருந்தேன். பெருமை.

அப்புறம் பட்டியல் வந்துச்சு. கில்மோரன்ல பதினெட்டு குதிரைக்குத்தான் இடம். எடை கூடினவன்லேர்ந்து எண்ணிக்கிட்டே கீழ வருவாங்க, பதினெட்டோட கோடு போட்டுடுவாங்க. எங்க ஆளு இருபதாவது. அவளைவிடக் கேவலமா ஓடினது இந்த நாட்டுல வேற ரெண்டே ரெண்டு குதிரைதான், அதுல ஒண்ணுக்கு ஒரு கண்ணு தெரியாது.

ஓர்லா அந்தப் பேப்பரை வாங்கி மேலேர்ந்து கீழ வரைக்கும் விரலை வச்சுப் படிச்சா. மடிச்சு என் கையில குடுத்தா. வாளியை ஆணில மாட்டினா. அப்புறம் சத்தம் போடாம ஒண்ணு சொன்னா.

"நீங்க நினைச்சதுதான்ப்பா நடந்திருக்கு. இப்ப அவ தூக்க வேண்டிய எடை ஒண்ணுமே இல்ல."

அதோட சரி. அன்னிலேர்ந்து இன்னிக்கு ஒன்பது நாள், என்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது. எது சொல்றதா இருந்தாலும் என் காது கேக்க கழுதைகிட்டச் சொல்றா. அந்த ஆளுக்கு டீ வேணுமான்னு கேளுங்குறா. அந்த ஆளை அந்தத் தீவன மூட்டைமேல உக்கார வேண்டாம்னு சொல்லுங்குறா. கழுதை என்னைப் பாக்குது. அதுக்கே பாவமா இருக்கு.

திட்டினாத் தாங்கிக்குவேன் மச்சான், உன் தங்கச்சிகிட்ட நாப்பது வருஷம் தாங்கினவன் நான். ஆனா போன வெள்ளிக்கிழமை அவ கோட்டுப் பையில தீவன மில்லு லெட்டர் ஒண்ணு பாத்தேன். லாரி ஓட்டுற வேலை, மே ஒண்ணாந்தேதிலேர்ந்து. குதிரை பழக்குற லைசன்ஸை இந்த மாசக் கடைசில புதுப்பிக்கணும், அதுக்கான விண்ணப்பப் பாரத்தை எடுத்து வெறுமனே அலமாரில வச்சிருக்கா, ஒரு எழுத்து நிரப்பல. ரெண்டு குளிர்காலம் மழையில எங்க குதிரையை மேட்டுல ஏத்தி இறக்கி ஏத்தி இறக்கி, கையெல்லாம் வெடிச்சு, ஒரு பந்தயத்துக்காகத் தயார் பண்ணினா. இந்த சீசன்ல இனி நீளப் பந்தயம் கிடையாது. குதிரைக்கும் பதினோரு வயசு. சனிக்கிழமை ஓடினா அந்த பாரம் நிரம்பும், ஓடலேன்னா லாரி. அவ சொல்லல, ஆனா எனக்குப் பெரிய படிப்பு இல்லாட்டியும் அவ மூஞ்சி படிக்கத் தெரியும்.

ஆண்டவர் கொஞ்சம் இறங்கி வந்தார். கார்க் பக்கத்துக் குதிரை ஒண்ணுக்கு திங்கக்கிழமை இருமல் வந்து பட்டியல்லேர்ந்து எடுத்துட்டாங்க. நான் அதுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏத்தினேன், குணமாகத்தான், அடுத்த வாரம் குணமானாப் போதும்னு ஏத்தினேன். ஆக இப்ப எங்களுக்கு முன்னால பதினெட்டு. இன்னும் ஒரே ஒருத்தன் நகந்தாப் போதும். லெனிஹனும் மெர்னாக்கும் நகர மாட்டாங்க, அதுக்கு நான் வேண்டிய ஏற்பாடு பண்ணிட்டேன். பதினேழாவது இடத்துல இருக்குறது டேலி அம்மாவோட குதிரை, 'அம்மாவின் ஆட்சேபணை'ன்னு பேரு. அதுகிட்டப் போகவே இல்ல. டேலி அம்மா ஒரு தடவை முடிவு பண்ணினா குதிரை செத்தாலும் வண்டியில ஏத்தி அனுப்புற பொம்பளை, அங்க கேட்டுப் பிரயோஜனமில்ல.

அதனால பட்டியல்ல எனக்குத் தெரிஞ்சவங்கள்ல பாக்கி இருக்குற உன் குதிரைக்கு வர்றேன்.

'சொன்ன சொல்'. வெள்ளைக் குதிரை, பத்து வயசு, பத்து ஸ்டோன் நாலு. கோவிச்சுக்காதே, சாமி சாட்சியா நடுநிலையோட சொல்றேன். அவன் ஓட்டத்துக்கு வர்றதில்ல மச்சான், வேடிக்கை பாக்க வர்றான். எந்த மைதானத்துலயும் ஜனங்க நிக்குற இடத்துக்கு முன்னால ஒரு பள்ள வேலி இருக்கும், அங்க வந்ததும் அவனுக்கு நடை தளர்ந்துடும், யாரு யாரு வந்திருக்கான்னு ஒரு பார்வை பாத்துட்டுத்தான் தாண்டுவான். நீ கல்யாண வீட்டுல ஒரு கறித் தட்டைத் தாண்டிப் போற மாதிரி. வயிறு வேற உன் வயிறு. மார்ச்ல ரெண்டாவது வந்தானேன்னு சொல்லாதே, முன்னால போனதுல ரெண்டு விழுந்துச்சு, ஒண்ணு வழி தவறிடுச்சு, மீதி இருந்ததே மூணு. அந்த மேட்டுல ஏறும்போது அவன் மூச்சு விடுற சத்தம் பழைய பேண்டு வாத்தியம் மாதிரி எட்டூருக்குக் கேக்கும். அவனை அவமானப்படுத்தாதே. வீட்டுலயே வை. கேரட் குடு.

வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்குள்ள ஆபீசுக்கு ஒரு போன் பண்ணி என் குதிரை ஓடலன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அவ உனக்கு யாரு, நீ அவளுக்குத் தாய்மாமன். ஞானஸ்நானத்துல அவளைக் கையில ஏந்தினது நீ, உன் சட்டையை நனைச்சதும் அவ. எனக்காக வேண்டாம், எனக்காக நீ ஒரு பட்டாணிகூட உரிக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்.

சும்மா கேக்கல, பதிலுக்கு நானும் ஒண்ணு தர்றேன். நீ கேட்டுக்கு வெளிய போன கதையை இனி வாழ்நாள்ல யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். இது என் கை ஒடிஞ்ச மாதிரி, தெரியும்ல. நாப்பத்தெட்டு வருஷமா சொல்லிட்டு வர்றேன், உன் கல்யாணத்துல சொன்னேன், உன் மகன் கல்யாணத்துல சொன்னேன், பிரிஜிட்டைப் புதைச்சுட்டு வந்து டீ குடிக்கும்போதுகூட சொன்னேன், அழுதுக்கிட்டே சிரிச்சாங்க. இனி கிடையாது. கடைசியா ஒரே ஒரு தடவை எழுதிக்கிறேன், கை அரிக்குது. உங்க ஊரு வயல்வெளிப் பந்தயத்துல, இருபது வயசுல, நீ ஒரு வயல் தூரம் முன்னால வந்துக்கிட்டு இருந்த. வரப்புமேல நொரீன், அப்ப உன் பெண்டாட்டி ஆகல, நிக்குறதைப் பாத்த. கையை ஆட்டின. ஆட்டிக்கிட்டே, திறந்து கிடந்த கேட்டு வழியா ரோட்டுக்குப் போயி, குதிரையை நிறுத்தத் தெரியாம ஒன்றரை மைல் ஓடி, பால் சொசைட்டி வாசல்ல கேன் வரிசையில போய் நின்ன. அங்க இருந்தவன் எத்தனை லிட்டர்னு கேட்டான். அவ்வளவுதான். முடிஞ்சுது. இனி வாயைத் திறக்க மாட்டேன்.

நொரீனுக்கு என் வணக்கத்தைச் சொல்லு, அவங்க அன்னிக்கு வரப்புமேல நிக்காம இருந்திருந்தா நீ ஜெயிச்சிருப்ப, நானும் சொல்லக் கதையில்லாம ஊமையா இருந்திருப்பேன். பிள்ளைங்களுக்கும் பேரப்பிள்ளைங்களுக்கும் என் ஆசீர்வாதம். உங்க அடுப்புல நெருப்பு அணையாம, உங்க பசு மடி வத்தாம, உங்க கூரை இந்தத் தடவை கூரையாவே நிக்க, தேவமாதா துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தங்கச்சியைக் கட்டினவன், அதுக்காக உன்னையும் கட்டிக்கிட்டு அழுறவன்,
டின்னி ஷீடி

பின்குறிப்பு: உறை தேடிக்கிட்டு இருந்தப்ப ஓர்லா உள்ள வந்தா. வந்தவ கழுதை இல்லாமயே என்கிட்ட நேராப் பேசினா. அவ டேலி அம்மாவுக்கு இன்னிக்குக் காலைல போன் பண்ணிருக்கா. என் குதிரைக்கு ஒரு இடம் குறையுது, உங்க குதிரை உறுதியா ஓடுதா அத்தைன்னு கேட்டிருக்கா. டேலி அம்மா, அதுக்கென்னடி, அவனுக்குப் போன பந்தயத்துலயே முதுகு பிடிச்சுக்கிச்சு, யாராவது கேட்டா எடுத்துடலாம்னுதான் இருந்தேன், உங்கப்பன் ஊரெல்லாம் சுத்துறான், என்கிட்ட மட்டும் வரவே இல்லையேன்னாளாம். ரெண்டு நிமிஷம். உள்ளதைச் சொல்லிக் கேட்டா, கிடைச்சுது. இப்படி ஒரு வழி இருக்குன்னு இந்த எழுபத்தாறு வருஷத்துல எனக்குத் தோணவே இல்ல.

ஆக நாங்க பதினெட்டாவது, சனிக்கிழமை ஓடுறோம். உன்கிட்டக் கேக்க வேண்டிய அவசியமே இல்ல. ஓர்லா இந்தக் கடுதாசியை வாங்கி நின்னபடியே படிச்சா, பால் சொசைட்டி வந்ததும் சிரிச்சா, அப்புறம் கிழிச்சுப் போடச் சொன்னா. மாமாகிட்ட ஓட்டச் சொல்லுங்க, ஜெயிச்சா அவரையும் சேத்து ஜெயிக்கணும்னு சொல்லிட்டுப் போய் அந்த பாரத்தை எடுத்து மேஜைமேல வச்சு நிரப்பிக்கிட்டு இருக்கா. அவ சொன்னதை அப்படியே எழுதிட்டேன்.

அவ சொன்னது அது. இப்ப அவ பேனாவுக்கு மை போடப் போயிருக்கா, அதுக்குள்ள நான் எழுதுறேன். மேல உன் குதிரையைப் பத்தி எழுதினதெல்லாம் பொய் மச்சான். வயிறும் பொய், மூச்சும் பொய். பட்டியல் முழுக்க நான் பயப்படுறது அந்த ஒரு வெள்ளைக் குதிரைக்குத்தான். மார்ச்ல யாரும் விழல, அவன் ரெண்டாவது வந்ததை நானே வேலி ஓரமா நின்னு பாத்தேன், வீட்டுக்கு வந்து சாப்பிடல. அந்த மேட்டுல எங்க ஆளைத் தாண்டுறதுக்கு இந்த நாட்டுல அவன் ஒருத்தன்தான் இருக்கான்.

ஓர்லாவோட வழியை நானும் ஒரு தடவை செஞ்சு பாக்குறேன். உள்ளதைச் சொல்லிட்டேன். எடுத்துடுறியா?